உள்ளூர்ச் செய்தியும் இளம் நிருபர்களும்

பிழைப்பை நாடித் தாயகத்தை விட்டு வந்து, தில்லியிலும் மும்பையிலும் நாகபுரியிலும் கொல்கத்தாவிலும் குடியமர்ந்த நம்மவர் இல்லங்களில் ஒரு வழக்கத்தைக் காணலாம். காலைக் காப்பி ஆறுவதற்குள், மேட்டூர் அணையில் நீர்மட்டம் எத்தனை அடி, தஞ்சையில் மழை பெய்ததா, சொந்த ஊர்த் தேர் எப்போது நிலைக்கு வந்தது என்பன யாவும் தெரிந்துவிடுகின்றன. முன்னாளில் இரயிலேறி இரண்டு மூன்று நாள் கழித்து வந்து சேர்ந்த தமிழ்ப் பத்திரிகை, இன்று கைப்பேசியில் கண் விழிக்கும்போதே காத்திருக்கிறது. ஆனால், நாம் குடியிருக்கும் தெருவில் குழாய் ஏன் பத்து நாளாக வறண்டு கிடக்கிறது, நம் வட்டாரத்து மாநகராட்சி உறுப்பினர் யார், சென்ற ஆண்டு எந்தச் சாலைக்கு எவ்வளவு செலவெழுதினார்கள் என்று யாராவது கேட்டால், நம்மில் பலர் விழிக்கத்தான் வேண்டும். இதை ஒரு குற்றமாகச் சொல்ல வரவில்லை. மனம் பிறந்த மண்ணையே சுற்றி வருவது இயல்பு. ஆயினும், அண்டை வீட்டுச் செய்தி ஒருநாள் நம் வீட்டுச் செய்தியாக மாறிவிடும்போது, அதை எழுதுவதற்கு ஒருவர் இருந்தாரா, இல்லையா என்பதே பெரிய காரியமாகிவிடுகிறது.

தில்லி அன்பர்களுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. ஜங்புராவை அடுத்து, பாராபுல்லா வடிகாலின் ஓரமாக, பல பத்தாண்டுகளாகத் தமிழ்க் குடும்பங்கள் வாழ்ந்துவந்த ‘மதராஸி கேம்ப்’ 2025-ஆம் ஆண்டு ஜூன் 1-ஆம் நாள் இடிக்கப்பட்டது. வடிகாலைத் தூர் வாரவும், மழைக்காலத்தில் நீர் தேங்குவதைத் தடுக்கவும் இடம் வேண்டுமென்று உயர் நீதிமன்றம் இட்ட ஆணையின்படி இது நடந்தது. ஏறத்தாழ 370 வீடுகள். அவற்றுள் மாற்று வீட்டுக்குத் தகுதியுடையவை என்று அப்போது கணக்கிடப்பட்டவை 189 குடும்பங்கள். மாற்று வீடுகளோ நகரின் வடகோடியில் உள்ள நரேலாவில். சுற்றுப்புறக் காலனிகளுக்கு நடந்தே சென்று வீட்டுவேலை செய்துவந்த தாய்மாருக்கு நரேலா என்பது வேறோர் ஊர்.

புல்டோசர் வந்த அன்று படம் பிடிக்க வந்தவர்கள் பலர். அது பெரிய செய்தி, ஒருநாள் செய்தி. தகுதிப் பட்டியலில் பெயர் ஏன் விடுபட்டது, எந்தச் சான்றிதழில் எந்த ஆண்டு இல்லாமற் போயிற்று, நரேலாவில் கதவும் குழாயும் ஒழுங்காக இருக்கின்றனவா என்று ஒவ்வொன்றாகக் கேட்டுச் சென்று எழுதுவது வேறு காரியம். இந்தச் சிறு காரியங்கள் நாளேடுகளின் நகரப் பக்கத்துக்கும் சிறிய இணைய ஏடுகளுக்கும் எழுதுகின்ற நிருபர்களுக்கு உரியவை. அவர்களிற் பெரும்பாலோர் தொழிலில் புதிதாய்ச் சேர்ந்த இளைஞர்கள் என்பது பத்திரிகை உலகத்தில் எல்லோரும் அறிந்த வழக்கம். மூத்தவர்களுக்கு நாடாளுமன்றம், இளையவர்களுக்குச் சாக்கடை.

அந்தச் சாக்கடையில்தான் மக்களின் வாழ்வு இருக்கிறது என்பதை அன்பர்கள் அறிவர். ஒரு சிற்றூரில் உள்ளூர் நிருபரின் நாள் எப்படிக் கழிகிறது என்று பார்ப்போம். காலையில் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய், வருகைப் பதிவேட்டில் கையெழுத்து இருக்கும் மருத்துவர் நாற்காலியில் இருக்கிறாரா என்று பார்க்க வேண்டும். நியாயவிலைக் கடையின் பலகையில் எழுதியுள்ள இருப்பும், மூட்டைக் கணக்கும் ஒத்துப்போகின்றனவா என்று கேட்க வேண்டும். கிராமசபைக் கூட்டத்தில் கடைசி வரை உட்கார்ந்திருக்க வேண்டும். நான்கு மணி நேரத்தில் மூன்றரை மணி நேரம் கொட்டாவிதான் வரும். கடைசி அரை மணியில், கணக்கில் தோண்டப்பட்டு நிலத்தில் தோண்டப்படாத கிணறு ஒன்று வெளிப்பட்டாலும் வெளிப்படலாம். தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005-இல் வந்தபிறகு, பத்து ரூபாய்க் கட்டணத்தில் மத்திய அரசு அலுவலகங்களிலிருந்து கேட்டுப் பெறக்கூடிய காகிதங்கள் பல உண்டு. முப்பது நாளில் விடை தர வேண்டுமென்பது விதி. விடை வராதபோது மீண்டும் எழுதுவதற்குப் பொறுமை வேண்டும்.

இத்தனைக்கும் அவருக்குக் கிடைக்கும் ஊதியம் என்ன? பெரிய நகரத்தைத் தாண்டிவிட்டால், பகுதிநேர நிருபர் என்ற பெயரில் செய்திக்கு இவ்வளவு என்று சில நூறு ரூபாய் பெறுபவர்களே மிகுதி. அதுவும் இல்லாமல், அடையாள அட்டை ஒன்றை மட்டும் கொடுத்து, ‘விளம்பரம் பிடித்து வா, அதில் உனக்குப் பங்கு’ என்று சொல்லும் இடங்களும் உண்டு. எந்த ஒப்பந்தக்காரரின் சாலையைப் பற்றி எழுத வேண்டுமோ, அந்த ஒப்பந்தக்காரரிடமே தீபாவளி வாழ்த்து விளம்பரத்துக்குக் கை நீட்ட வேண்டிய நிலை! இதில் நேர்மையாக இருப்பவர்களைப் பாராட்டுவதற்கு முன், இத்தகைய ஏற்பாட்டைச் செய்தவர்களைக் கேள்வி கேட்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம். பத்திரிகையாளர் நலனுக்கென 1955-இலேயே தனிச் சட்டம் இயற்றப்பட்டது. ஊதியக் குழுக்களும் பல அமைக்கப்பட்டன. எனினும் அச்சட்டத்தின் பயன் நியமனக் கடிதம் வைத்திருந்தவருக்கே எளிதில் எட்டிற்று. கடிதமே இல்லாதவர் எந்த வாசலில் போய் நிற்பார்?

இவ்வளவு இடர்ப்பாடுகளுக்கிடையே உள்ளூர்ச் செய்தியை ஒரு தொழிலாகவே நிலைநாட்டிக் காட்டியவர்களின் வரலாறு ஒன்று நம் நாட்டிலேயே இருக்கிறது. சித்ரகூடத்துக்கு யாத்திரை சென்ற அன்பர்கள் மந்தாகினிக் கரையையும் காமத்கிரி மலையையும் கண்டிருப்பர். இராமபிரான் வனவாசத்தில் தங்கியதாகப் போற்றப்படும் அந்தப் புண்ணிய பூமி, உத்தரப் பிரதேசத்தின் புந்தேல்கண்ட் வட்டாரத்தில், வறட்சிக்கும் வறுமைக்கும் பெயர் போன ஒரு மாவட்டம். அதன் தலைநகரான கர்வியில் 2002-ஆம் ஆண்டு மே மாதம் ஒரு செய்தித்தாள் தோன்றிற்று. ‘கபர் லஹரியா’ என்பது அதன் பெயர்; ‘செய்தி அலைகள்’ என்று பொருள் கொள்ளலாம். அதை எழுதியவர்களும், திருத்தியவர்களும், பக்கம் அமைத்தவர்களும், பையில் போட்டுக்கொண்டு ஊர் ஊராய் விற்றவர்களும் பெண்கள். பெரும்பாலோர் தலித் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். பழங்குடியினரும் முஸ்லிம்களும் அவர்களுள் உண்டு. சிலர் வயது வந்தபின், எழுத்தறிவு முகாம்களில்தான் முதன்முதலாக எழுதப் படிக்கக் கற்றவர்கள்.

அதற்கு ஒரு முன்கதையும் இருக்கிறது. 1990-களில் பாந்தா மாவட்டத்தில் பெண்கல்வித் திட்டமொன்றின் பயனாய், ‘மகிளா டாகியா’ என்ற சிறு இதழ் வெளிவந்தது. டாகியா என்றால் தபால்காரர். புதிதாய் எழுத்துக் கற்ற பெண்கள் வாசிக்க ஏதேனும் வேண்டுமே என்று தொடங்கிய முயற்சி அது. அது நின்றுபோனபின், தில்லியைச் சேர்ந்த ‘நிரந்தர்’ என்னும் பெண்கல்வி நிறுவனத்தின் துணையோடு, முறையான செய்தித்தாளே நடத்தலாம் என்று துணிந்தார்கள். தொடக்கத்திலிருந்தே உடன் இருந்தவர்களில் கவிதா தேவி ஒருவர். பன்னிரண்டு வயதில் மணம் முடிக்கப்பட்டவர்; பள்ளிக்கூடம் பாராமல் வளர்ந்து, பின்னர் முகாமில் எழுத்துக் கற்றவர். அவரே பிற்காலத்தில் அந்தப் பத்திரிகையின் ஆசிரியப் பொறுப்பை ஏற்று, இந்தியப் பத்திரிகை ஆசிரியர் சங்கத்திலும் உறுப்பினராக இடம்பெற்றார்.

பத்திரிகையின் மொழி புந்தேலி. இது சாதாரண விஷயமன்று. கணக்கெடுப்பில் புந்தேலி பேசுவோர் இந்தி பேசுவோராகவே எண்ணப்படுகின்றனர். பள்ளியிலும் கச்சேரியிலும் அந்தப் பேச்சுக்கு இடமில்லை. நம் திருநெல்வேலிப் பேச்சிலேயே, அடுக்களையில் பேசுகிறபடியே, ஒரு செய்தித்தாள் வந்தால் எப்படியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். முதலில் சிரிப்பு வரும். பிறகு ஆச்சியும் கேட்க உட்கார்ந்துவிடுவார். கர்விப் பக்கத்தில் அதுதான் நடந்தது. எழுத்தறியாதவர்களுக்கு மற்றவர் உரக்கப் படித்துக் காட்ட, மரத்தடியில் கேட்டவர்கள் பலர்.

பெயரைக் கேட்பதற்கு முன் சாதியைக் கேட்கும் வட்டாரம் அது. காடுகளில் கொள்ளைக் கூட்டங்கள் அதிகாரம் செலுத்திய காலமும் அது. அத்தகைய இடத்தில் ஒரு தலித் பெண் குறிப்பேட்டுடன் காவல் நிலையத்துக்குள் நுழைந்து, ‘முதல் தகவல் அறிக்கை ஏன் பதியவில்லை?’ என்று கேட்பதே ஒரு செய்தி. பயிற்சியில் அவர்களுக்குக் கற்பித்தது வீர வசனமன்று. இரு தரப்பையும் கேள், எண்ணைச் சரிபார், கேட்டதையும் கண்டதையும் கலக்காதே. கல் குவாரிகள், கைப்பம்புகள், வேலை உறுதித் திட்டத்தில் வராத கூலி, பெண்கள் மீதான வன்முறை என்று அவர்கள் எழுதியவை பெரும்பாலும் வேறெந்தப் பத்திரிகையும் திரும்பிப் பாராதவை. 2004-இல் சமேலி தேவி ஜெயின் விருதும், 2009-இல் யுனெஸ்கோவின் கிங் செஜோங் எழுத்தறிவுப் பரிசும் அந்தப் பணியைத் தேடி வந்தன.

விருது வந்ததால் வழி எளிதாகிவிட்டது என்று எண்ணிவிடக் கூடாது. 2015-ஆம் ஆண்டில் ஒருவன் மாதக்கணக்காக அந்நிருபர்களைத் தொலைபேசியில் அழைத்து ஆபாசமாகப் பேசியும் மிரட்டியும் வந்தான். காவல் நிலையங்களுக்கு அவர்கள் நடந்த நடை வீணாயிற்று. எண்ணை மாற்றிக்கொள் என்பதுபோன்ற புத்திமதிகளே கிடைத்தன. தம் துன்பத்தை அவர்களே எழுத, அது செப்டம்பரில் ஓர் இணைய இதழில் வெளியாகி நாடெங்கும் பரவிய பின்னரே, சில நாட்களில் அவன் பிடிபட்டான். ஊராரின் முறையீட்டை எழுதி எழுதிப் பழகியவர்கள், தம் முறையீட்டையும் செய்தியாக எழுதித்தான் தீர்வு காண வேண்டியிருந்தது.

பின்னர் காலம் மாறிற்று. அச்சுத்தாளை விட்டுக் காணொளிக்கு வந்தார்கள். கைப்பேசியைச் சொந்தமாக வைத்திராத பெண்களும் அதைக் கொண்டே படம் பிடிக்கவும், பேட்டி காணவும் கற்றார்கள். இந்த மாற்றத்தைப் பின்தொடர்ந்து, ரிந்து தாமஸ், சுஷ்மித் கோஷ் ஆகிய இருவர் எடுத்த ‘ரைட்டிங் வித் ஃபயர்’ என்னும் ஆவணப்படம் 2022-இல் ஆஸ்கர் பரிசின் இறுதிப் பட்டியலுக்குச் சென்றது. உலகமே புகழ்ந்த அந்த வேளையில், ‘கபர் லஹரியா’ ஓர் அறிக்கை வெளியிட்டது: படம் மனத்தைத் தொடுவதுதான், ஆயினும் எங்கள் பணியின் ஒரு பகுதியையே முழுமையெனக் காட்டுகிறது, எல்லாக் கட்சிகளையும் கேள்வி கேட்பவர்கள் நாங்கள் என்று. புகழ்ச்சியையும் சரிபார்க்கத் துணிந்த இச்செயலே, எனக்கு அவர்கள்பால் மதிப்பை இரட்டிப்பாக்கிற்று.

எல்லோருக்கும் இப்படி ஒரு குழு துணை நிற்பதில்லை. தனியாக நிற்பவர் கதி என்ன என்பதற்கு, அதே உத்தரப் பிரதேசத்தின் மிர்சாபூர் மாவட்டம் சான்று கூறும். 2019 ஆகஸ்டில், அங்கே ஓர் ஆரம்பப் பள்ளியில் மதிய உணவாகப் பிள்ளைகளுக்கு ரொட்டியும் உப்பும் வழங்கப்பட்டதைப் பவன் ஜைஸ்வால் என்ற உள்ளூர் நிருபர் கைப்பேசியில் பதிவு செய்தார். மதிய உணவுத் திட்டத்தைப் பெருமையோடு சொல்லிக்கொள்ளும் தமிழ் மக்களுக்கு அந்தக் காட்சி எப்படி உறுத்தியிருக்கும் என்று விவரிக்க வேண்டியதில்லை. சில நாட்களில் அவர் மீதே சதி வழக்குப் பதியப்பட்டது. அச்சுப் பத்திரிகையைச் சேர்ந்தவர் ஒளிப்படம் எடுத்திருக்கலாமே, காணொளி ஏன் எடுத்தார் என்று மாவட்ட ஆட்சியரே ஐயம் எழுப்பினார்! நாடெங்கும் கண்டனம் எழுந்தது. டிசம்பரில் அவர் குற்றமற்றவர் என்று காவல்துறை கூறிவிட்டது. ஆனால் 2022-இல், புற்றுநோய்ச் சிகிச்சைக்குப் பணமின்றிச் சமூக வலைத்தளத்தில் உதவி கேட்கும் நிலையில் இருந்தார். அவ்வாண்டு மே மாதம் காலமானார்.

சத்தீஸ்கரின் பீஜப்பூரில் நடந்தது அதனினும் கொடிது. முகேஷ் சந்திராகர், நக்சலைட்டுகளுக்கும் படையினருக்கும் நடுவே அகப்பட்ட பஸ்தர் காட்டுப் பகுதியின் செய்திகளை ‘பஸ்தர் ஜங்ஷன்’ என்ற தம் யூட்யூப் வழியே ஒன்றரை லட்சம் சந்தாதாரருக்கு எடுத்துச் சொன்ன இளைஞர். 2021 ஏப்ரலில், மாவோயிஸ்டுகள் பிடித்து வைத்திருந்த மத்திய சேமக்காவல் படை வீரர் ஒருவரைக் காட்டுக்குள் சென்று மீட்டு வந்த குழுவில் அவரும் இருந்தார். 2024 டிசம்பரில், 120 கோடி ரூபாய்ச் சாலைப் பணியொன்றின் சீர்கேட்டை வெளிக்கொணர்ந்த செய்தியில் அவருக்குப் பங்கிருந்தது; விசாரணைக்கும் ஆணையிடப்பட்டது. 2025 புத்தாண்டு நாளில் அவரைக் காணவில்லை. மூன்றாம் நாள், ஒப்பந்தக்காரர் ஒருவருக்குச் சொந்தமான இடத்தில், புதிதாய்க் காரை பூசி மூடிய கழிவுநீர்த் தொட்டிக்குள் அவர் உடல் கிடந்தது. சிலர் கைதாயினர், குற்றப்பத்திரிகை தாக்கலாயிற்று. பெருநகரத்திலிருந்து வருகிற நிருபர் எழுதிவிட்டு விமானம் ஏறிவிடுவார்; உள்ளூர் நிருபரோ மறுநாள் காலை அதே தெருவில் பால் வாங்கப் போக வேண்டும்.

இது ஏழை நாட்டுத் துயரம் மட்டுமே என்று நினைத்தலும் தவறு. செல்வம் கொழிக்கும் அமெரிக்காவில், 2005-க்குப் பின் இருபது ஆண்டுகளுக்குள் மூன்றிலொரு பங்குக்கு மேற்பட்ட பத்திரிகைகள் மறைந்துவிட்டன. லாஸ் ஏஞ்சல்ஸ் அருகே பெல் என்றொரு சிற்றூர். அதன் நகரசபைக் கூட்டங்களில் போய் உட்கார்ந்திருக்க நிருபர் எவரும் இல்லாத காலத்தில், அதன் நிர்வாக அதிகாரி தமக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 8 லட்சம் டாலர் சம்பளம் வைத்துக்கொண்டார். நாட்டின் அதிபருக்கோ 4 லட்சம்! 2010-இல் ‘லாஸ் ஏஞ்சல்ஸ் டைம்ஸ்’ நிருபர்கள் இருவர் இதைக் கண்டுபிடித்தனர். 2014-இல் அவருக்கு 12 ஆண்டு சிறைத்தண்டனை கிடைத்தது. இத்தகைய வெற்றிடத்தை நிரப்பவே, ‘ரிப்போர்ட் ஃபார் அமெரிக்கா’ என்ற அமைப்பு 2017-இல் தோன்றியது. இளம் நிருபரை உள்ளூர்ப் பத்திரிகைக்கு அனுப்பி வைப்பார்கள்; சம்பளத்தில் பாதியை அமைப்பு தரும், கால் பங்கைப் பத்திரிகை தரும், மீதிக் கால் பங்கை ஊராரிடமிருந்து நன்கொடையாகத் திரட்ட வேண்டும். 2018-இல் முதலில் சென்ற மூவரும் அப்பலேச்சிய மலைநாட்டுக்குச் சென்றனர். அவர்களுள் ஒருவர், கென்டக்கியின் நிலக்கரிப் பகுதியில், குழாயில் குடிக்கத் தகுந்த நீர் வராத ஒரு வட்டாரத்தின் தண்ணீர்க் கதையைத் தொடர்ந்து எழுதினார். ஊரார் தரும் அந்தக் கால் பங்குதான் இத்திட்டத்தில் எனக்குப் பிடித்த அம்சம். தம் பணம் போகிற இடத்தை மக்கள் விடாமல் பார்ப்பார்கள் அல்லவா?

இளைஞர்கள் கைக்காசைத் திரட்டிப் பத்திரிகை தொடங்குவது தமிழ்நாட்டுக்கும் புதிதன்று. 1878 செப்டம்பர் 20-ஆம் நாள், திருவல்லிக்கேணியைச் சார்ந்த ஆறு இளைஞர்கள், ஒன்றே முக்கால் ரூபாய் கடன் வாங்கி, ‘தி இந்து’வின் முதல் இதழை 80 பிரதிகள் அச்சிட்டார்கள். நால்வர் சட்ட மாணவர், இருவர் ஆசிரியர். அந்த இருவரில் ஒருவரான ஜி. சுப்பிரமணிய ஐயருக்கு அப்போது வயது 23. அவரே 1882-இல் ‘சுதேசமித்திர’னையும் தொடங்கினார். நம் காலத்தில், சென்னையில் பிறந்த பி. சாய்நாத் 1993-இல் நாட்டின் மிக ஏழ்மையான மாவட்டங்களைத் தேடிப் புறப்பட்டபோது, இராமநாதபுரமும் புதுக்கோட்டையும் அவர் பயணத்தில் இடம்பெற்றன. அவர் 2014-இல் நிறுவிய ‘பாரி’ இணைய ஏடு, நாட்டுப்புறத்து நிருபர்கள் தருவதைத் தமிழ் உள்ளிட்ட பல மொழிகளில் வெளியிட்டு வந்திருக்கிறது. இளையோருக்கு உதவித்தொகை கொடுத்து எழுத வைத்த ஏடு என்பதால், அதைக் குறிப்பிடாமல் செல்ல மனம் வரவில்லை.

இனி நம் வீட்டு விஷயம். வெளிமாநிலத்தில் வளரும் நம் பிள்ளைகள், வீட்டில் தமிழும் தெருவில் இந்தியோ மராத்தியோ வங்காளமோ பள்ளியில் ஆங்கிலமுமாக மூன்று மொழிகளோடு வளர்கிறார்கள். தாராவியில் நடப்பதைத் தமிழில் கேட்டு மராத்தியில் எழுதக்கூடிய ஒருவர், செய்தி அறையில் எவ்வளவு பயன்படுவார் என்று நாம் நினைத்துப் பார்ப்பதில்லை. ‘பொறியியல் வேண்டாம், இதழியல் படிக்கப் போகிறேன்’ என்று மகள் சொன்னால், வீட்டில் இடி விழுந்தது போலாகிறது. பெற்றோரின் அச்சத்தைக் குறை கூற முடியாது. மேலே கூறிய வரலாறுகளே அதற்குக் காரணம் போதும். ஆயினும், அச்சத்தை அழுகையாக்காமல் கேள்விகளாக்குவது மேல்.

முதல் வேலைக்குச் செல்லும் பிள்ளை நிறுவனத்திடம் கேட்க வேண்டியவை சில உண்டு. பக்கத்தில் இருந்து கேட்கச் சொல்ல வேண்டியவர்கள் நாம். நியமனக் கடிதம் எழுத்தில் தருவார்களா? மருத்துவக் காப்பீடு உண்டா? இரவில் திரும்பி வர வண்டிச் செலவு யார் தருவது? விளம்பரம் பிடித்துக் கொடுக்க வேண்டுமா? எழுதிய செய்திக்காக வழக்கு வந்தால், வழக்கறிஞருக்கு யார் பணம் கட்டுவார்? இவற்றுள் கடைசிக் கேள்விக்கு ஆசிரியர் எவ்வளவு விரைவில், எவ்வளவு தெளிவாக விடை கூறுகிறார் என்பதைக் கவனிக்கச் சொல்லுங்கள். சிறிய ஏடாயினும், ‘நாங்கள் கட்டுவோம்’ என்று எழுதிக் கொடுத்தால், சம்பளம் சற்றுக் குறைந்திருந்தாலும் அனுப்பி வைக்கலாம்.